கத்தினால் கேட்காது

ரெக்சின் துண்டின் பின்பக்கத்தில் சாக்கட்டியால் ஒரு வரி எழுதுகிறார். மிதியை அழுத்தி, தையல் இயந்திரம் ஓடும் வேகத்துக்கு அந்த வரி ஒட்டுகிறதா என்று உதட்டை மட்டும் அசைத்துப் பார்க்கிறார். ஒட்டவில்லை. கட்டைவிரலால் அழித்துவிட்டு வேறொன்று எழுதுகிறார். மேற்பார்வையாளரின் காலடி கேட்டால் வரி மடிப்புக்குள் போய்த் தையலாகிவிடும். எத்தனையோ பிள்ளைகள் இவருடைய பாட்டை முதுகில் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள்.

காகிதத்தில் எழுதும் பழக்கமே கிடையாது. "சாயங்காலம் வரைக்கும் மண்டையில நின்னா பாட்டு. நிக்கலைன்னா குப்பை."

பகலில் பை தைக்கிறவர், சனிக்கிழமை மாலைகளில் பங்க் ராக் பாடகி. வயது நாற்பத்தொன்று. கேட்கிறவர்கள் வைத்த பெயர் சைரன். கிதாரில் தெரிந்தது மூன்றே கார்டு பிடிகள். "நாலாவது கத்துக்கிட்டா தலைக்கனம் வந்துரும்" என்கிறார். எந்தப் பாட்டும் இரண்டு நிமிடத்தைத் தாண்டாது. தாண்டினால் அது பிரசங்கமாம்.

பத்திரிகைக்கு எழுதுவதற்காக மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றியதில், தொண்டை கிழியக் கத்துகிறவர்களைப் பல மேடைகளில் பார்த்திருக்கிறேன். இறங்கி வந்ததும் பெரும்பாலானவர்கள் சாதுவாகிவிடுவார்கள். சைரன் நேர்மாறு. மேடையில்தான் அவர் தோள்கள் தளர்கின்றன. கீழே இருக்கும்போது யாரோ பின்னால் நிற்பதுபோல் அடிக்கடி திரும்பிப் பார்க்கிறார்.

அவர் பாடுவதில் ஒரு சொல்கூட யாருக்கும் புரியாது. பல வருடங்களுக்கு முன் ஒரு பெரிய கம்பெனி ஒப்பந்தத்தோடு வந்து, கொஞ்சம் புரியும்படி பாடச் சொன்னது. "கையெழுத்துப் போடுற பேனாவையே திருப்பிக் குடுத்துட்டு வந்துட்டேன்" என்று சிரித்தார். கொள்கைப்பிடிப்பு என்று நான் குறித்துக்கொண்டேன். அது தவறு என்று தெரிந்தது போன சனிக்கிழமைதான்.

அன்று புது இசைத்தட்டு வெளியீடு. பழைய டயர் கிடங்கு ஒன்றில் ஆறு மணிக்கு நிகழ்ச்சி. நாலு மணிக்கே அவருடைய அக்கா வாசலோர மேசையில் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பதினெட்டு வருடமாகத் தங்கையின் ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் இசைத்தட்டும் சட்டையும் விற்பது அக்காதான். புருவத்தில் வளையம் மாட்டிய பையன்கள் அவர் முன்னால் வரிசையில் நிற்பார்கள். "உனக்குப் பெரிய சைஸ்தான் சாமி. இதைப் போட்டா மூச்சு விடுறதுக்குக் கழட்டணும்." அம்மா போனபின் தங்கையை வளர்த்தவர். சைரனுக்கு வேறு உறவு இல்லை.

சைரன் மேசைக்குப் பின்னால் இருந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து ஒரு தட்டை உருவினார். உறைக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்று விழுந்தது. விரித்தார். பழையதும் புதியதுமாகப் பன்னிரண்டு பாட்டுகளும் வரி வரியாக அச்சாகியிருந்தன. முகம் வெளுத்துப்போயிற்று.

டிரம்மரின் வேலை. புதுப் பாட்டு என்றால் ஒத்திகையில் ஒரே ஒரு தடவை வரிகளை மெதுவாகச் சொல்லிக் காட்டுவார் சைரன். அடி எங்கே விழ வேண்டும் என்று டிரம்மருக்குத் தெரிய வேண்டுமே. அந்த மனிதர் அத்தனையையும் வருடக்கணக்காக ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறார்.

சைரன் அவரைக் கிடங்கின் பின்சுவருக்கு இழுத்துப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"நீ எதையும் எழுதி வைக்கிறதில்ல. நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா எல்லாம் போயிரும்ல? ஆச்சரியமா இருக்கட்டும்னு நினைச்சேன்."

"அஞ்சாவது பாட்டு யாரைப் பத்தின்னு தெரியுமா உனக்கு?"

"அரசாங்கத்தைப் பத்தி."

"எங்க அக்காவைப் பத்தி."

டிரம்மர் சுவரில் சாய்ந்துவிட்டார். சைரன் மூச்சுவிடாமல் சொன்னார். பதினேழு வயதில் அவர் வாங்கிய முதல் கிதாரை அக்கா வீட்டுக்காரர் சுவரில் அடித்து நொறுக்கினார். அக்கா வாசற்படியில் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. காலையில் எழுந்து துடைப்பத்தை எடுத்தார். அவ்வளவுதான் பாட்டு. அக்கா எதிரிலேயே பதினெட்டு வருடமாகக் கத்தியிருக்கிறார். "என்னடி சொல்ற அதுல?" என்று அக்கா கேட்கும்போதெல்லாம், "முதலாளியைத் திட்டுறேன்" என்பதுதான் பதில்.

"இருக்குறது ஒரே சொந்தம். அதையும் அச்சடிச்சு உறையில போட்டுட்டே."

"எல்லாத்துலயும் தாளை உருவிரலாம். முந்நூறுதான். நீ போய் மைக்கைப் பாரு."

அவர் மைக் பக்கம் போகவில்லை. மூவரும் பெட்டிகளைப் பின்னால் கொண்டுவந்து உட்கார்ந்தோம். தட்டை எடு, தாளை உருவு, திரும்ப வை. ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடிகூடத் தேவைப்படாத அந்த விரல்கள், உறைகளின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டே இருந்தன. வெளியே கூட்டம் சேரும் சத்தம். இரண்டு பெட்டி முடிந்தது. மூன்றாவதைத் திறந்தபோது அக்கா வந்து நின்றார்.

"வாசல்ல ஆளுங்க நிக்கிறாங்க. தட்டை எல்லாம் இங்க வெச்சுக்கிட்டு என்னடி அடைகாக்குறே?"

"அச்சுல தப்பு இருக்குக்கா."

"என்ன தப்பு?"

சைரன் அடுத்த தட்டிலிருந்து தாளை உருவினார். டிரம்மர் தன் குச்சிகளை மிகுந்த அக்கறையோடு ஆராய ஆரம்பித்தார். அக்கா குவியலின் மேலிருந்த தாளை எடுத்தார். கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார், கிட்டே கொண்டுவந்தார், மறுபடி தள்ளிப் பிடித்தார்.

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. எனக்குத் தெரியல. நீ படி."

"எதைக்கா?"

"அஞ்சாவது. அந்த அடி அடின்னு அடிப்பீங்களே, அது."

"பாடத்தானே போறேன். அப்ப கேளு."

"பாடினா எனக்கு எங்க புரியுது. படி."

அக்கா ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். தாள் இருவருக்கும் நடுவில், அக்காவின் முழங்கால் மேல் இருந்தது. சைரன் எதிரே குத்துக்காலிட்டார். இருமினார். அந்தத் தொண்டையிலிருந்து இவ்வளவு சின்னக் குரல் வரும் என்று நான் நினைத்ததில்லை.

"அவன் உடைச்சான், நீ பெருக்கினே."

அக்கா அசையவில்லை.

"தூசி பறக்காமப் பெருக்கினே. முறத்துல அள்ளினே, கம்பியும் கட்டையும்."

என் கையிலும் ஒரு தாள் இருந்தது. அடுத்த வரி: அவனை மறந்துட்டேன், உன்னை முடியல.

சைரனின் பார்வை ஒரு வரி கீழே இறங்கியது. "விடிஞ்சு பாத்தேன், தரை பளபளன்னு இருந்துச்சு" என்று படித்தார்.

அக்காவின் சுட்டுவிரல் தாளில் இறங்கியது. மெல்ல மேலே நகர்ந்து, விட்டுப்போன வரியின் தொடக்கத்தில் போய் நின்றது. அங்கேயே அழுந்தி இருந்தது.