கலங்காத தண்ணீர்

கடல் காட்சிசாலையில் தொட்டி கழுவும் பெண்ணை எல்லோரும் அக்கா என்பார்கள். எங்கே கறை பட்டாலும் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில் மேசைமேல் தேநீர் வட்டம் விழுந்தாலே கணவனை ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பாள். இங்கே திட்டு வாங்கியது ஒரு கடல் முயல். பெயர்தான் முயல், வெளியே ஓடு தெரியாத, கையளவு நத்தை அது. தொட்டால் போதும், கத்தரிப்பூ நிறத்தில் மையைக் கக்கித் தொட்டியையே நாறடித்துவிடும்.

"உனக்கு வேற வேலையே இல்லையாடி?" என்று முணுமுணுத்துக்கொண்டே தண்ணீர் மாற்றுவாள்.

சிவப்புக் கடற்பாசி வரத்து நின்றபோது பச்சைப் பாசியைப் போட்டாள். அதையும் மறுபேச்சில்லாமல் தின்றது. சில வாரங்களில் மை நின்றது.

"இப்பதான் புத்தி வந்திருக்கு" என்று மெச்சிக்கொண்டாள்.

இன்று மேலாளர் அதே தொட்டியில் ஒரு பெரிய சிங்கி இறாலை விட்டுவிட்டு முன்பக்கம் வந்தார்.

"நத்தையைத் தின்னுடாதா சார்?"

"மை இருக்குல்லக்கா? அதை மூஞ்சியில அடிச்சா இறாலுக்குத் தலைகால் புரியாது. சிவப்புப் பாசியைத் தின்னு தின்னு அது சேர்த்து வச்சிருக்கிற ஆயுதம்."

அக்காவுக்குத் தான் போட்ட பச்சைப் பாசி நினைவுக்கு வந்தது. "சார், பாசி..." என்று வாயெடுப்பதற்குள் இறால் நத்தையைப் பிடித்துவிட்டது. தொட்டியின் மூடி பூட்டிய பின்னறையில் இருந்தது. மேலாளர் சாவியோடு ஓடினார். அக்கா கண்ணாடியைத் தட்டினாள்.

"கக்குடி! கக்கித் தொலையேன்டி!"

நத்தை சுருண்டது, நெளிந்தது. அவள் துடைத்த கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் கடைசிவரை கலங்கவே இல்லை.