கூழும் மாமனாரின் குரல்வளையும்

செலியமேட்டில் எங்கள் மாமனார் தண்ணீர் டம்ளரைத் தூக்கினால் இன்றைக்கும் நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவர் தொண்டையைத்தான் பார்ப்போம். குரல்வளை ஏறி இறங்கிய பிறகுதான் எங்கள் வாயில் சோறு போகும்.

அவருக்குப் பக்கவாதம் வந்ததில் விழுந்த கை கால் சீக்கிரமே சரியாகிவிட்டது, விழுங்குவதுதான் வரவில்லை. மூக்கில் குழாயோடு வீட்டுக்கு வந்தார். ஆடியில் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினால் முதல் சொம்பு வாங்குகிற மனிதர், குழாயில் இறங்கும் கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கு அழுகையாக வரும்.

பார்க்க வந்தவர்கள் சும்மா இருந்தார்களா? சேதராப்பட்டிலிருந்து வந்த சின்ன மாமனார், "எளநீதான, இன்னா ஆவப் போவுது" என்று ஒரு ஸ்பூன் ஊற்றிவிட்டார். கண் பிதுங்க இருமியதில் தெருவே கூடிவிட்டது. விழுங்கப் பயிற்சி கொடுக்க வரும் பெண் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். நாக்கு பின்னால் தள்ளும் வரைதான் நம் வேலையாம். அப்புறம் தொண்டைத் தசைகள் தாமாகவே மூச்சுக்குழாயை மூடி, உணவுக்குழாய்க்குள் இறக்கிவிடும். அதன் தசைகள் மேலிருந்து கீழே பிழிந்துகொண்டே போய் வயிற்றில் சேர்க்கும். இவருக்கு அந்த மூடுகிற வேலை சுணங்குகிறது, தண்ணியாக எது கொடுத்தாலும் மூடுவதற்குள் மூச்சுக்குழாயில் ஓடிவிடும், கெட்டியானதுதான் நிதானமாகப் போகும் என்றாள்.

"பால் பீச்சுற மாரி புழிஞ்சி எறக்குதுன்னு சொல்லும்மா" என்றார் மாமியார். "அப்ப கூழு குடுக்கலாமா?"

"கட்டியில்லாம, ஸ்பூன்ல நிக்கிற பதத்துல காய்ச்சுங்க. வெங்காயம், மோர்மொளகா கூடாது. நான் வந்துதான் குடுப்பேன்."

ஆடி வரை எச்சிலை விழுங்கியே பழகினார். மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு பலமாக விழுங்க வேண்டும். மாமியார் எதிரே உட்கார்ந்து "ம், இன்னொரு வாட்டி" என்று மிரட்டுவார். திருபுவனை கம்பெனியில் ஷிப்டு முடித்து வந்ததும் நான் மிரட்டுவேன். பாவம், மனிதருக்கு ஓய்வே இல்லை.

கூழ் ஊற்றும் நாளில் அந்தப் பெண் அவர் தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு முதல் ஸ்பூனை ஊட்டினாள். குரல்வளை ஏறியது. நாங்களும் கூடவே எச்சிலை விழுங்கினோம். இறங்கியது. இருமல் இல்லை. ஆனாலும் அவள் சிரிக்கவில்லை. குரல் கரகரவென்று வந்தால் கூழ் தொண்டையிலேயே தங்கிவிட்டது என்று அர்த்தமாம். "ஏதாச்சும் பேசுங்க ஐயா" என்றாள்.

மாமனார் மாமியாரைப் பார்த்தார். "இன்னாடி கூழு இது? உப்பே இல்ல!"

கணீரென்று வந்தது. பிரஷருக்குப் பயந்து உப்பைக் குறைத்த மாமியார் சிரித்துக்கொண்டே அழுதார். அன்றைக்கு அந்தக் கிண்ணத்தை வழித்து முடித்தவர், கொஞ்ச நாளில் மூக்குக் குழாயிலிருந்தும் விடுபட்டார்.

இப்போது தண்ணீரே குடிக்கிறார். நேற்றும் வழக்கம்போல எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். டம்ளரை டொக்கென்று வைத்தார்.

"உள்ள போயிடுச்சு. துன்னுங்க."