வயிரவன் அண்ணன் அவிழ்க்காமல் பார்த்த காசு

வயிரவன் அண்ணன் போய்விட்டார். இன்று காலை, ஈப்போ ஆஸ்பத்திரியில்… இருதய ஆபரேஷன் முடிந்து நான்காவது நாள்.

காம்பாரில் நான் கூட்டித் துடைக்கிற லேப்பில் ஸ்கேன் மெஷினைப் பார்த்துக்கொண்டவர். மண்ணிலிருந்து எடுத்த பழைய காசுகளைச் சுரண்டாமல், உடைக்காமல் படம் எடுத்துக் காட்டுவார்.

அதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்த ஆள். அந்தப் பழக்கம் போகவே இல்லை. காசை ஸ்பாஞ்சில் செருகி மெஷின் கதவைச் சாத்தியதும், "ஆடாம இரு, மூச்ச இழுத்துப் புடி" என்பார். காசிடம்!

நான் சும்மா இருப்பேனா… "செட்டியாரே, அது ஆயிரம் வருசமா மூச்சப் புடிச்சிக்கிட்டுத்தான் இருக்கு, விடச் சொல்லுங்க" என்பேன்.

திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். "ஈரத்துல வழுக்கி விழப்போறேன், ஒழுங்கா தொடை லா."

என் அம்மா சித்தியவான் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் சீவியவர். அவர் இறந்த பிறகு அரிசி டின்னுக்குள் ஒரு மஞ்சள் துணி முடிச்சு கிடைத்தது. உள்ளே ஏதோ காசு.

வேண்டுதல் முடிச்சு. வேண்டியது நடந்தால்தான் அவிழ்த்துக் கோயிலில் சேர்க்கணும். என்ன வேண்டினார் என்று அம்மா யாரிடமும் சொல்லவில்லை… அதனால் நாங்களும் தொடவில்லை. பல வருடம் சாமி படத்துக்குப் பின்னாலேயே கிடந்தது.

ஒருநாள் பேச்சுவாக்கில் அண்ணனிடம் சொன்னேன். அவர் கிண்டல் பண்ணவில்லை. நாளைக்கு எடுத்துவா என்றார்.

லேப்புக்குப் பொறுப்பான ஆராய்ச்சி டாக்டரிடம் அனுமதி கேட்டு, சாப்பாட்டு நேரத்தில் ஸ்கேன் போட்டார். பிறகு கம்ப்யூட்டரில் துணியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார், வெங்காயம் உரிக்கிற மாதிரி. முடிச்சு என் கையில் அப்படியே இருக்கிறது… ஸ்க்ரீனில் காசு தனியாகச் சுற்றுகிறது.

ஒரு பக்கம் ஒரு ஆள் நிற்கிறார், மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறார். ஓரத்தில் எழுத்துகூட இருந்தது. சோழர் காலத்துச் செப்புக்காசு என்றார்கள். கைநாட்டு வைத்த என் அம்மாவுக்கு அது எங்கே கிடைத்ததோ.

லேப் டாக்டருக்கு ஒரே சந்தோஷம். செம்போடு வேறு என்ன உலோகம் கலந்திருக்கிறது என்று பார்க்கணும், அதற்குக் காசு வெளியே வரணும், அவிழ்க்கலாமா என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் அவர் ரூமைத் துடைக்கிறவள் நான்… எப்படி முடியாது என்பேன்?

அண்ணன்தான் சொன்னார். "பேஷண்ட் இன்னும் கையெழுத்துப் போடல டாக்டர். இவங்க அம்மா வந்து போட்டா அவுத்துருவோம்."

டாக்டர் சிரித்துக்கொண்டே சரி என்று போய்விட்டார். நான் அழுதேன். அண்ணன் ஸ்க்ரீனையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் தெரியாத மாதிரி.

போன வாரம் ஆபரேஷனுக்கு முதல் நாள் வார்டுக்குப் போனேன். அவர் மனைவி, நாங்கள் ஆச்சி என்று கூப்பிடுகிறவர், பக்கத்தில் இருந்தார். உங்களுக்காக நானும் ஒரு முடிச்சு போட்டிருக்கிறேன் என்றேன்.

"என்ன காசு?"

"இருவது சென்."

"அவ்ளோதானா நான்?"

"எந்திரிச்சு வாங்க, அம்பது சென்னா மாத்திடுவோம்."

ஆச்சி சிரித்துவிட்டார். அண்ணனும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு ஐசியூ… குடும்பத்து ஆட்கள் மட்டும்தான் பார்த்தார்கள். நான் அவரிடம் கடைசியாகப் பேசியது அந்த அம்பது சென்தான்.

அண்ணே… அது இருவது சென் இல்லண்ணே. பொய் சொன்னேன்.

என் தாலிக்கொடியில கெடந்த ரெண்டு தங்கக் காசுல ஒண்ணு. என் வீட்டுக்காரருதான் கழட்டிக் கொடுத்தாரு. சொன்னா அங்கேயே அவுக்கச் சொல்லித் திட்டுவீங்கன்னு தெரியும்.

வேண்டினது நடக்கல. இனி இத அவுக்கிறதா, அப்படியே வைக்கிறதா… தெரியலண்ணே. இன்னிக்கு முழுக்க கையிலேயே வச்சிருக்கேன்.

நாளைக்குக் காலையில வந்து ஆச்சி பக்கத்துல உட்காந்துக்கிறேன். நீங்க பாத்துப் போங்க அண்ணே.