உங்களுக்கு ஊசி, எனக்கு மூச்சா?

முதலில் இருமல்தான். எங்கள் உப்பளம் பேட்டையில் துறைமுகத் தூசிக்கு யார்தான் இருமவில்லை என்று ஆடி மாதத்தை ஓட்டிவிட்டேன். பிறகு மாலைக் காய்ச்சலும் இரவு வியர்வையும் வந்தன. ரவிக்கைகள் தொளதொளத்துப் போயின. உங்களுக்கும் இப்படி இருந்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

பிரெஞ்சுக் கொடி இறங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நாங்கள் சில குடும்பங்கள் பௌத்தம் தழுவியிருந்தோம். எங்கள் ஆசான் ஏறக்குறைய என் வயதுக்காரர்; சுங்க ஆபீசில் குமாஸ்தா. கடற்காற்று விளக்கை அணைக்காதபடி சன்னலைச் சாத்திவிட்டு, அவர் வீட்டில் எல்லோரும் தியானத்தில் உட்காருவோம். முடிந்ததும் ஒரே டம்ளரில் தண்ணீர். அவர் வாய்வைத்துக் குடித்துவிட்டுத் தருவார், வரிசையாகக் குடிப்போம். டீக்கடையில் தனிக் குவளை கண்டவர்கள் நாங்கள். முதல்முறை அந்த டம்ளரை வாங்கியபோது அழுதுவிட்டேன்.

அதனால்தான் அவரிடமே கேட்டேன்.

"ஐயா, இருமல் நிக்கவே மாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்குப் போவட்டுமா?"

"ஊசி உடம்பத்தான் பாக்கும்மா. நீ மூச்சப் பாரு. மனசு அடங்கினா இருமலும் அடங்கும்."

மழைக்காலம் முழுக்க மூச்சைப் பார்த்தேன். மார்கழியில் ஒரு காலை சளியோடு ரத்தம் வந்தது. "உங்க ஐயா பேச்ச வுட்டுத் தள்ளு" என்று என் வீட்டுக்காரர் ரிக்‌ஷாவில் ஏற்றினார்.

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் மேல்பக்கம் வெள்ளை படர்ந்திருந்தது. காசநோய் (நுரையீரலை அரிக்கும் தொற்று, எங்கள் பக்கம் எலும்புருக்கி என்பார்கள்). ஸ்ட்ரெப்டோமைசின் (அந்தக் கிருமியைக் கொல்லும் ஊசிமருந்து) எழுதித் தந்தார் டாக்டர்.

ஊசி அறை வாசலில் நின்றபோது கதவு திறந்தது. இடுப்பைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தவர் ஆசான்.

உள்ளிருந்து மாசேர் (செவிலியான கன்னியரை அப்படித்தான் கூப்பிடுவோம்) சிரித்தபடி சொன்னார்: "போன பொங்கலுக்கு எலும்பும் தோலுமா வந்த ஆளா இது!"

என் இருமலுக்கு வெகு முன்பே தனக்கும் இதே நோய் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"ஐயா, உங்களுக்கு ஊசி, எனக்கு மூச்சா?"

அவர் சுவரைப் பார்த்தார். "சொன்னா எனக்குத் தனி டம்ளர் வெக்கணும்மா. அத நம்ம கையாலயே வெக்கிறதா?"

"சரி, சொல்ல வேணாம். என்னையாவது ஆஸ்பத்திரிக்குப் போன்னு அனுப்பியிருக்கலாமே?"

"நீ வந்தா என்னப் பாத்துடுவியே."

நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். அன்றுதான் அதன் பொருள் எனக்கு உறைத்தது.

டாக்டரிடம் அந்த டம்ளரைப் பற்றிக் கேட்டேன். "டம்ளர் இல்லம்மா, காத்து. சாத்துன ரூம்ல யாரு இருமினாலும் பரவும். இவராலதான்னு அடிச்சிச் சொல்ல முடியாது" என்றார். இருக்கட்டும். கிருமி தந்ததைக்கூட மன்னிப்பேன். மூச்சைப் பார்த்துக்கொண்டு உட்காரச் சொன்னதை மன்னிக்க மாட்டேன்.

ஒன்றரை வருடம் மருந்து. காதில் ஒரு இரைச்சல் தங்கிவிட்டது. மாடிப்படியில் பாதியில் நின்றுதான் ஏறுகிறேன். முன்பெல்லாம் ஒரு நாள் எப்படிப் போகிறதென்றே தெரியாது. இப்போது அதன் ஒவ்வொரு பொழுதும் நெஞ்சுக்குள் ஏறி இறங்குகிறது.

மதத்தை விடவில்லை. காலையில் தனியாகச் சரணம் சொல்கிறேன். புத்தம் வருகிறது, தம்மம் வருகிறது. சங்கம் என்று தொடங்கும்போது மூச்சு போதவில்லை. நுரையீரல் நன்றாக ஆறிவிட்டது என்கிறார் டாக்டர்.