சீப்பு நழுவிய கையும் சிக்கிக்கொண்ட கழுத்தும்

அடுத்தவன் தலை நேரா இருக்கான்னு பார்க்க, நம்ம தலையைக் கோணலா வச்சிக்கினு நாள் முழுக்க நிக்கிறதுதான் சலூன் தொழில். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ரெண்டு நாற்காலி போட்ட கடை என்னுது. தையல் மிஷின், கம்ப்யூட்டர், செல்போன்னு கழுத்தைத் தொங்கப் போட்டுப் பொழைக்கிற என் கூட்டாளிங்களே, இது உங்களுக்குத்தான். கொஞ்சம் நிமிர்ந்து உக்காந்து படிங்க.

பாதி தாடி

ஒரு நாள் காலையில, வலது தோள்ல கிளம்பி கட்டைவிரல் வரைக்கும் கரண்டு அடிச்ச மாதிரி சுர்ருன்னு ஒரு வலி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்தே போச்சு. மீசையைச் சீவ எடுத்த சீப்பு நழுவி கஸ்டமர் மடியில விழுந்துச்சு. எடுத்தேன், மறுபடியும் விழுந்துச்சு.

கஸ்டமர் கூட்டேரிப்பட்டு மல்லாட்டை வியாபாரி, அதாங்க வேர்க்கடலை. ஒரு கன்னம் முடிஞ்சது, இன்னொரு கன்னத்துல நுரை. நான் சீப்பை வச்சிட்டுக் கத்தியை எடுத்ததும், கண்ணாடியில என் கையையே பார்த்துக்கினு இருந்தவரு துண்டால நுரையைத் துடைச்சிக்கினு எழுந்துட்டாரு. "பாதி தாடியோடவே போறேம்பா. வீட்ல கேட்டா வேண்டுதல்னு சொல்லிக்கிறேன்."

தலையில கை

கைக்குச் செய்யாத வைத்தியம் இல்ல. தைலம், உப்பு ஒத்தடம், பட்டை பட்டையா கட்டு. என் வீட்டுக்காரி கேப்பை மாவு பிசையற மாதிரி என் கையைப் பிசைஞ்சா. ஒண்ணும் அசையல. வெளியில சிரிச்சாலும் உள்ளுக்குள்ள எனக்குப் பயம்தான். கத்தி புடிக்கிற கை போச்சுன்னா கடை போச்சு. வேற ஒரு வேலையும் எனக்குத் தெரியாது.

ஒரே ஒரு விதத்துல மட்டும் வலி விட்டுச்சு. கையைத் தூக்கி உச்சந்தலையில வச்சிக்கினா போதும், அப்பாடா! அதனால கஸ்டமர் இல்லாதப்போல்லாம் கடை வாசல்ல தலையில கை வச்சிக்கினு நின்னேன். வந்தவரு ஒருத்தரு செருப்பைக் கழட்டிட்டு, குரலை இறக்கிக் கேட்டாரு. "யாருப்பா தவறிட்டாங்க? எத்தினி மணிக்கு எடுக்கறாங்க?"

ஓசி சொடக்கு

முடி வெட்டினதும் தலையை இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு திருகி சொடக்கெடுத்து அனுப்பறது எங்க கடை வழக்கம். ரெண்டாவது நாற்காலியில வேலை பார்க்கிற ஏழுமலை அதுல பேரு போனவன். "உக்காருணா, ஒரே திருகு, கையும் சரியாப்பூடும்"னான். நானும் உக்காந்தேன் பாருங்க!

தடக்குன்னு ஒரு சத்தம். தோள்லேர்ந்து விரல் வரைக்கும் நெருப்பு. நான் போட்ட கூச்சல்ல எதிர்த்த டீக்கடையே எட்டிப் பார்த்துச்சு. அடுத்து வரிசையில இருந்தவரு, தன் கழுத்தை ரெண்டு கையாலயும் மூடிக்கினு சொன்னாரு. "ஏழுமல, எனக்கு வெறும் கட்டிங் மட்டும் போதும்யா."

விழுப்புரம் டாக்டரம்மா

ஜல்தியா விழுப்புரம் கூட்டிக்கினு போனாங்க. எலும்பு டாக்டரம்மா என் கையைத் தொடவே இல்ல. என் தலையைப் பின்னால, வலது பக்கமா லேசா சாய்ச்சாங்க. கட்டைவிரல்ல சுர்ருன்னுச்சு. "வலி கையிலதாம்மா"ன்னு நான் கெஞ்சறேன், அவங்க கழுத்தை ஸ்கேன் எடுக்கச் சொல்றாங்க.

அப்புறம் புரிய வச்சாங்க. கழுத்தெலும்புங்களுக்கு நடுவுல மெத்தை மாதிரி வட்டு இருக்குதாம். அதுல ஒண்ணு பிதுங்கி, கைக்கு இறங்கற நரம்பை நசுக்குது. நசுங்கறது கழுத்துல, வலியும் மரமரப்பும் கையில. நிறைய பேருக்கு மாத்திரையும் பயிற்சியுமே போதும். கை பலம் இன்னும் குறைஞ்சா மட்டும் உடனே ஓடி வரணும்னாங்க. எனக்குப் பாதி உசிரு வந்துச்சு. அந்தச் சந்தோஷத்துல எங்க கடை சொடக்கைப் பத்தியும் பெருமையா சொல்லிட்டேன். டாக்டரம்மா பேனாவைக் கீழ வச்சாங்க. "அதை இன்னைக்கே நிறுத்துங்க. எனக்கு ஏற்கெனவே இங்க கூட்டம் தாங்கல."

முதல் கன்னம்

நாற்காலியை உசரமாக்கினேன், குனியறதை விட்டேன், சொன்ன பயிற்சியெல்லாம் செஞ்சேன். மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா பலம் வந்துச்சு. ஆனா என் கத்திக்குக் கன்னம் காட்ட ஊர்ல ஒருத்தனுக்கும் துணிச்சல் இல்ல. கடைசியில ஏழுமலையே வந்து என் நாற்காலியில உக்காந்து, கண்ணை இறுக்கி மூடிக்கினான்.

கன்னத்துல கத்தியை வச்சேன். கை ஆடல. கத்தியை இடது கைக்கு மாத்திக்கினு, வலது கட்டைவிரலால அவன் மிச்சத் தாடியைத் தடவினா, சொரசொரன்னு முடி குத்துது! அந்தக் குத்தல் தெரிஞ்சு எத்தினி நாளாச்சு! என் கண்ணுலேர்ந்து சொட்டு சொட்டா அவன் நெத்தியில விழுந்துச்சு. ஏழுமலை ஒத்தைக் கண்ணைத் திறந்தான். "இன்னாணா நீ, அழுவறதா இருந்தா கத்தியக் கீழ வச்சிட்டு அழுணா!"

இன்னைக்கும் யாராவது கை வலிக்குதுன்னா என் கண்ணு நேரா அவங்க கழுத்துக்குத்தான் போவுது, கை மட்டும் போவாது.