கால்வாய்த் தெருவில் குத்திய ஊசிகள்

நான் வடக்கே சுற்றிவிட்டுத் திரும்பியபோது, கிரேஸி அக்கா காட்பாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தாள். நாங்கள் வளர்ந்த கால்வாய்த் தெரு ஆம்பூர்ப் பக்கம் இருந்தது. இப்போது இல்லை. அதைப் பற்றிக் கேட்டால் பாத்திரம் கழுவ எழுந்து போய்விடுவாள். ஒருநாள் உட்கார்ந்து சொன்னாள்.

கிரேஸி என் பெரியம்மா மகள். ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் புள்ளிவிவரம் சேர்க்கும் வேலை. ஐம்பத்தாறாம் வருஷம், தோல் பதனிடும் டேனரி ஆட்களுக்குக் கையிலும் கழுத்திலும் கருப்புப் புண் வந்தது. காய்ச்சல் கண்டு சிலர் செத்தும் போனார்கள். நோயாளிச் சீட்டில் உள்ள விலாசத்தைப் பார்த்து, வரைபடத்தில் ஆளுக்கொரு குண்டூசி குத்தச் சொன்னார் சுகாதார அதிகாரி. குத்தினாள். ஊசிகள் கால்வாய்த் தெருவில் குவிந்தன. தெருவைக் காலி செய்து குடிசைகளைக் கொளுத்த உத்தரவு வந்தது.

"நம்ம வூட்டு மேலயே குத்திட்டு வந்து நிக்கிற. சோறு வேற கேக்குதா உனக்கு?" என்றாள் பெரியம்மா அன்னம்மாள்.

அக்கா அதே சீட்டுகளை மறுபடி பிரித்தாள். வயதுவாரியாகக் கட்டம் போட்டாள். மாதவாரியாகக் கோடு இழுத்தாள். பச்சைத்தோல் லாரிகள் வரும் மாதங்களில் கோடு ஏறியது. ஒவ்வொன்றும் தனியாக எதையும் சொல்லவில்லை. செய்யும் வேலையை வைத்து ஊசிகளின் நிறத்தை மாற்றி, எல்லாப் படத்தையும் ஒரே மேசையில் பரப்பியபோதுதான் உறைத்தது. பிள்ளைகள் நெருக்கியடித்துக் கிடக்கும் அந்தத் தெருவில் ஒரு பிள்ளைக்கும் நோய் இல்லை. பெண்களுக்கும் இல்லை. அத்தனை ஊசியும் தோல்கட்டுப் பிரிக்கும் ஆண்கள். அவ்வளவு ஆண்கள் எங்கள் தெருவில் கிடையாது.

வார்டுக்கு ஓடினாள். தணிகைவேல் என்பவன் கழுத்து வீங்கிப் படுத்திருந்தான்.

"எந்த ஊருண்ணா?"

"கால்வாய்த் தெரு, சிஸ்டர். டேனரி மேஸ்திரி வூடு."

"நான் அந்தத் தெருக்காரிதான். உங்கள நான் பாத்ததே இல்லையே?"

குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "விரிஞ்சிபுரம் பக்கம் எனக்கு. டேனரியிலயே படுத்துக்குவோம். யார் கேட்டாலும் மேஸ்திரி வூட்டத்தான் சொல்றது. செத்தா அவருக்காவது சேதி போவணும் இல்ல?"

படங்களைச் சுருட்டிக்கொண்டு அதிகாரியிடம் போனாள்.

"குழந்தைங்களுக்கு நோய் இல்லைன்னு எப்படிச் சொல்ற? ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருக்க மாட்டாங்க," என்றார் அவர். "இத்தனை படம் எதுக்கும்மா? முதல்ல போட்டதே தெளிவா இருந்தது."

"அது தப்பு சார். போட்ட நானே சொல்றேன். நோய் தெருவுல இல்ல, டேனரிக்கு வர்ற தோல்ல இருக்கு."

"மேல அனுப்பியாச்சு."

மறுநாள் கொளுத்தினார்கள். பெரியம்மா கோழிக்கூடையோடு ரோட்டில் நின்று பார்த்தாள். மேஸ்திரி வீடும் எரிந்தது.

அடுத்த லாரிகள் வந்தன. புண்ணோடு புதிய ஆட்களும் வந்தார்கள். பழக்கத்தில் அதே விலாசம் சொன்னார்கள். அக்கா வரைபடத்தில், சாம்பல் மேடாகிவிட்ட தெருவின் மேலேயே மறுபடி ஊசிகளைக் குத்தி அதிகாரியிடம் காட்டினாள்.

"அந்தத் தெருதான் இல்லையேம்மா."

"இல்லை சார்."

 அவர் வரைபடத்தைச் சுவரிலிருந்து இறக்கச் சொன்னார். டேனரியை யாரும் மூடவில்லை.

அக்கா இன்னும் அந்த வேலையில்தான் இருக்கிறாள். விலாசம் கேட்ட பிறகு, ராத்திரி எங்கே படுப்பீர்கள் என்றும் கேட்டு எழுதுகிறாளாம். பெரியம்மா சோளிங்கரில் தங்கை வீட்டில் இருக்கிறாள். மகள் போனால் உள்ளே எழுந்து போய்விடுகிறாள்.