நடேசன் அண்ணன் சுற்றிவந்த கோட்டை

நடேசன் அண்ணன் போன செய்தி எனக்குக் கிள்ளானிலிருந்து வரவில்லை. பண்டமாரானில் அவர் வீட்டிலிருந்து என் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம்தான். ஆனாலும் செய்தி மலேசியாவைத் தாண்டிப்போய், மத்தியதரைக் கடலைச் சுற்றிக்கொண்டு வந்தது. அன்று பிற்பகல் பங்சாரில் ஒரு வீட்டில் ஏணிமேல் நின்று, தலைக்கு மேலே சீலிங் பலகையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்திருந்தேன். கைப்பேசி அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. பலகையை முடுக்கிவிட்டு இறங்கிப் பார்த்தால் மகள் லோகா.

"ப்பா, ஏணியில இருக்கீங்களா?"

"இறங்கிட்டேன். சொல்லும்மா."

"உக்காருங்க ப்பா."

பெயிண்ட் டின்மேல் உட்கார்ந்தேன். "நடேசன் பெரியப்பா போயிட்டாரு ப்பா" என்றாள்.

லோகா, மால்டாவுக்குப் பக்கத்தில் கோசோ என்ற சின்னத் தீவில், முதியோர் இல்லம் ஒன்றில் தாதியாக இருக்கிறாள். அண்ணன் படுக்கையில் விழுந்த இந்த இரண்டு மாதமும், மருந்து எப்போது கொடுப்பது, எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று பார்வதி அண்ணி எல்லாவற்றையும் அவளிடம்தான் கேட்டார். அதனால் கடைசிச் செய்தியும் முதலில் அவளுக்கே போயிருக்கிறது. அந்தத் தீவிலிருந்து நான் அவளை எப்படியாவது இழுத்துவரக் கிளம்பிய கதையும், அதை நடேசன் அண்ணன் கெடுத்த கதையும் உங்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தால் என் மானம் போகும் என்று இவ்வளவு நாள் சொல்லவில்லை. இன்று அண்ணனுக்காகச் சொல்கிறேன். நான் கடைசியாகக் கட்டுரை எழுதியது பள்ளியில், மூன்றாம் படிவத்தில். தலைப்பு, 'என் செல்லப் பிராணி'. எங்கள் வீட்டில் பிராணி எதுவும் கிடையாது. இது அப்படியில்லை, நடந்தது.

பிரிக்பீல்ட்ஸ் ஒட்டுக்கடையில் நம்மோடு உட்கார்ந்து தே தாரிக் குடித்த எல்லாருக்கும் அண்ணனின் அந்தப் பழக்கம் தெரியும். நாங்கள் சேர்ந்து சீலிங் வேலைக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் நேரே உள்ளே நுழையமாட்டார். வெளியே ஒரு சுற்று சுற்றிவருவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கூரையை, கூரை ஓரத்து மழைநீர் வாரியை, குழாயைப் பார்த்துக்கொண்டே. "அண்ணன் வலம் வராரு, தேங்காய் எடுத்து வைங்கடா" என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அவர் சொல்வது ஒன்றுதான்: "கறை உள்ள தெரியும். தண்ணி வெளியேருந்து வரும். நீ கறையைப் பாத்துக்கிட்டே நின்னா கழுத்துதான் வலிக்கும்."

கம்போங் மேடானில் ஒருமுறை ஐந்தாவது மாடி வீடு. அதை எப்படி வலம் வருவது? அண்ணன் புளோக்கையே ஒரு சுற்று சுற்றினார். பிறகு ஆறாவது மாடிக்கு ஏறி, முன்பின் தெரியாத ஒரு மலாய்க்கார அம்மாவின் கதவைத் தட்டி, சலவை இயந்திரத்தின் குழாய் கழன்றுகிடப்பதைக் கண்டுபிடித்தார். அந்த அம்மா கொடுத்த வாழைப்பழப் பலகாரத்தைத் தின்றுகொண்டே கீழே வந்தார். நான் அதற்குள் சீலிங்கில் பாதியைப் பிய்த்துப் போட்டிருந்தேன். என் வேலைமுறை அப்படி.

என் குடும்ப விஷயத்திலும் அதே வேலைமுறைதான். லோகா அங்கே போய் மூன்று வருடம் ஆனபோது, "ப்பா, இன்னும் கொஞ்ச வருஷம் இங்கயே இருக்கலாம்னு நெனைக்கிறேன்" என்றாள். நான் அவளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் எனக்குத் தெரிந்த ஒரு நல்ல குடும்பத்திடம் போய், அவர்கள் பையனுக்கு என் மகள் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அவளைத் திரும்பக் கூட்டிவர அவள் பெயரில் ஒரு டிக்கெட்டும் எடுத்து, அச்சடித்து, நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மனைவியை உடன் அழைத்தேன்.

"நீங்க சண்டை போடப் போறீங்க. அதைப் பாக்க நான் எதுக்கு அவ்வளவு தூரம்? நடேசண்ணனக் கூட்டிட்டுப் போங்க. அவராவது ஊரைப் பாக்கட்டும்" என்றாள்.

மால்டாவில் விமானம் இறங்கி, அங்கிருந்து கப்பலில் அரை மணி நேரம். தேன்நிறக் கல்லில் வீடுகள், மொட்டைமாடிகள், வேலியெல்லாம் சப்பாத்திக்கள்ளி. நடுவில் ஒரு குன்று. குன்றின் உச்சியில் மதில் சூழ்ந்த பழைய ஊர், ஒரு கோட்டை. நாங்கள் இறங்கிய நேரம் மதியம். கடைகள் சாத்தியிருந்தன. தெருவில் ஒரு பூனை மட்டும் நடந்து போனது.

"என்னாடா சேகர், ஊரடங்கா?" என்றார் அண்ணன். "பண்டமாரான்ல இந்நேரம் பத்து லோரியாவது ஹாரன் அடிச்சிருக்கும்."

"மத்தியானம் எல்லாரும் தூங்குவாங்க பெரியப்பா" என்று லோகா சிரித்தாள்.

"நல்ல ஊரு லா. நாமளும் வந்திருக்கலாம், இளமையில."

லோகாவின் வீடு இரண்டாவது மாடி. கதவைத் திறந்ததும் என் கண் எங்கே போகும்? மேலேதான். கூடத்துக் கூரையில் பழுப்பாக ஒரு பெரிய ஈரக்கறை, ஏறக்குறைய ஜொகூர் மாநிலத்தின் வடிவில். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். காரணம் கிடைத்துவிட்டது. அண்ணனோ மேலே ஒருமுறை பார்த்துவிட்டு, மொட்டைமாடிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். வீட்டுக்காரர் மறுநாள் மாலைதான் வருவார் என்றாள் லோகா.

இரவுச் சாப்பாட்டுக்கு என் மனைவி கொடுத்தனுப்பிய நெத்திலிச் சம்பலைப் பிரித்தோம். நான் ஆரம்பித்தேன்.

"பாத்தியா, ஒழுகுற வீட்டுல கெடக்குற. கெளம்பு, ஊருக்குப் போலாம்."

"ஒரு கறைக்காகவா ப்பா?"

"அடுத்த மாசம் உன்னப் பொண்ணு பாக்க வராங்க. வாக்குக் குடுத்துட்டேன்."

அவள் கை தட்டிலேயே நின்றது. "யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"

"உங்கப்பனைக் கேட்டுக் குடுத்தேன்."

பெரிய கெட்டிக்காரப் பதில் சொல்லிவிட்டதாக நினைத்தேன். அவள் எழுந்து கை கழுவி, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடித்துச் சாத்தவில்லை. மெதுவாகத்தான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஆறாயிரம் மைலோ எத்தனையோ கடந்து வந்து, ஒரு கதவுக்கு வெளியே நிற்கிறேன்.

அண்ணன் சாப்பிட்டு முடித்தார். "சம்பல் நல்லாருக்கு. நாளைக்குக் காலைல அந்தக் கோட்டைக்குப் போவோம். நீ வாயத் தொறக்காத சேகர். மொதல்ல ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்."

மறுநாள் பெரியப்பாவுக்காக லோகா வந்தாள். பேச்சும் பெரியப்பாவோடு மட்டும்தான். கோட்டை வாசலில் நான் உள்ளே நுழையப் போனேன். அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "வெளிய ஒரு சுத்து."

"அண்ணே, இது கோட்டை. வீடு இல்ல."

"பெரிய வீடு. அவ்வளவுதான் லா."

வடக்குப் பக்கம் மதிலை ஒட்டி வழி கிடையாது. வயல்களுக்கு நடுவே ஒரு பாதையில் இறங்கி மறுபடி ஏற வேண்டியிருந்தது. என் முட்டி ஒவ்வொரு அடிக்கும் முறையிட்டது. அண்ணன் மதிலைத் தடவிப் பார்த்தார். கல்லிடுக்கில் மழைநீர் வடிய விட்டிருந்த துளைகளை லோகாவுக்குக் காட்டினார். எதிரே தெரிந்த ஊர்களில் ஊருக்கொரு தேவாலயம், அதன்மேல் ஒரு குவிமாடம். அண்ணன் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எல்லா ஊருக்கும் டூம் இருக்கு. இந்தக் கோட்டைக்குள்ள மட்டும் ஒண்ணும் தெரியலயே" என்றார். எனக்கு முட்டி வலி. நான் கேட்டுக்கொள்ளவில்லை.

உள்ளே ஆள் அகலத்துக்குச் சந்துகள், பாதி இடிந்த கல்வீடுகள், அகலமான படிகளுக்கு மேலே பெரிய தேவாலயம். படியேறியதும் நானும் அண்ணனும் பேசிவைத்ததுபோல் காலணியைக் கழற்றிவிட்டோம். வாசலில் உட்கார்ந்திருந்த வயதான அம்மாள், போட்டுக்கொள்ளலாம் என்று கைகாட்டிச் சிரித்தார். அண்ணன் கும்பிடு போட்டுவிட்டு வெறுங்காலோடே உள்ளே போனார்.

தலைக்கு மேலே பெரிய குவிமாடம், அடுக்கடுக்காகத் தூண்கள், உச்சியில் வெளிச்சம். "எவ்வளவு ஒசரம் பாத்தீங்களாண்ணே!" என்றேன்.

அண்ணன் கண்ணைச் சுருக்கினார். பக்கவாட்டில் பத்தடி நடந்து மறுபடி பார்த்தார். "சேகர், இது சப்பட்டை. பெயிண்டு."

"சும்மா இருங்கண்ணே. இருபத்திரண்டு வருஷம் சீலிங் போட்டவன் நான்."

"நானும்தான். ஆனா நான் வெளிய பாத்துட்டு வந்தேன். மேல டூமே இல்லடா."

வாசல் அம்மாள் எழுந்து வந்தார். ஆமாம், அந்தக் காலத்தில் குவிமாடம் கட்ட வசதி போதவில்லை, அதனால் தட்டையான துணியில் அப்படியே வரைந்துவிட்டார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லும்போதே அவர் கண், எங்களுக்குப் பின்னால் மெதுவாக வந்த என் மகள்மேல் விழுந்தது. "லோகா!" என்று கட்டிப் பிடித்துக்கொண்டார்.

அவருடைய தாய் கடைசி வருடத்தைக் கழித்தது லோகாவின் இல்லத்தில்தானாம். தினமும் காலையில் லோகா அந்தக் கிழவிக்குத் தலைவாரிப் பின்னிவிடுவாளாம். அம்மாள் என்னைப் பார்த்தார். "நீங்கள்தான் அந்தக் கோணல் ஜடை அப்பாவா?"

எனக்கு விளங்கவில்லை. லோகா தரையைப் பார்த்தாள். அம்மாளே சொன்னார்: "என் அம்மா ஜடை கோணலாக இருக்கிறது என்று கோபித்துக்கொள்வார். உங்கள் மகள் சொல்வாள், என் அப்பாவிடம் கற்றது அப்படித்தான் வரும் என்று. அம்மா சிரிப்பார். அம்மா சிரிப்பதைப் பார்க்கவே நான் காலையில் வருவேன்."

என் மனைவிக்குக் கையுறைத் தொழிற்சாலையில் காலை வேலை. லோகாவின் ஆரம்பப் பள்ளிக்காலம் முழுக்க அவளுக்குத் தலைவாரிப் பின்னியது நான்தான். சீலிங்கில் நூல் பிடித்து நேர்கோடு போடுகிறவனுக்கு மகள் தலையில் ஒருநாளும் வகிடு நேராக வந்ததில்லை. அதை அவள் மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன். மறக்கட்டும் என்றுகூட நினைத்திருந்தேன். அது போய் ஒரு வெளியூர்க் கிழவியின் தலையில் இருந்திருக்கிறது.

நாங்கள் வெளியே வந்தபோது எங்கள் காலணிகளை யாரோ ஓரமாக, ஜோடி ஜோடியாக எடுத்து வைத்திருந்தார்கள். படியில் உட்கார்ந்து போட்டுக்கொள்ளும்போது அண்ணன் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "டூம் இல்லாமயே எத்தனை வருஷமா கோயில் நடக்குது பாரு."

நான் வாயைத் திறக்கவில்லை. முதல்நாள் அவர் போட்ட கட்டளையை அப்போதுதான் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

மாலையில் சாவி வந்தது. மொட்டைமாடிக்கு மூன்று பேரும் ஏறினோம். மூலையில் மழைநீர் போகும் குழாய்வாயில் ஒரு பழைய புறாக்கூடு, இறகும் மண்ணுமாக அடைத்திருந்தது. அண்ணன் தன் டார்ச்லைட்டை லோகாவிடம் பிடிக்கச் சொல்லி, முழங்கை வரை கையை விட்டு அள்ளினார். சேறு சொட்டியது.

"பேப்பர் இருந்தா குடுடா."

பையில் இருந்தது ஒரே ஒரு பேப்பர். எடுத்து நீட்டினேன். அவர் விரித்தார். லோகாவின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். லோகாவும் பார்த்தாள்.

"இது ஒனக்கு வேணுமா, வேணாமா? ஒருதடவதான் கேப்பேன்."

"சேறு அள்ளுங்கண்ணே" என்றேன்.

அள்ளினார். மடித்துக் கட்டினார். லோகா டார்ச்லைட்டை அணைத்தாள். பிறகு, "ப்பா, கை கழுவிட்டு வாங்க. தேத்தண்ணி போடறேன்" என்றாள். இரண்டு நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் நல்ல வார்த்தை அது. எங்கள் ஊர்த் தே தாரிக் அளவுக்கு இல்லை. ஆனால் மூன்று குவளை குடித்தேன்.

ஊருக்குத் திரும்பியதும் பிரிக்பீல்ட்ஸ் குடும்பத்திடம் வாக்கைத் திரும்பப் பெறவேண்டியிருந்தது. அண்ணன் கூட வந்தார். அவர்கள் வீட்டையும் வெளியே ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். பையனின் அப்பா என்னை நியாயமாகத் திட்டினார். திட்டி ஓய்ந்ததும் அண்ணன் மெதுவாக, "ஐயா, பின்பக்கம் வாரி கழண்டு தொங்குது. மழைக்கு முந்தி மாட்டிடலாம்" என்றார். மறு சனிக்கிழமை இருவரும் போய் மாட்டிக்கொடுத்தோம். இன்றும் அவர்கள் என்னைப் பார்த்தால் தலையாட்டுகிறார்கள். சிரிப்பதில்லை. அது எனக்கு வரவேண்டியதுதான்.

அண்ணன் போன செய்தி வந்த அன்று பங்சாரிலிருந்து நேரே பண்டமாரானுக்குப் போனேன். வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள், நீங்களெல்லாம் வந்திருந்தீர்கள். நான் உள்ளே போகாமல் வீட்டை ஒரு சுற்று சுற்றினேன். காலணி வைக்க இடம் தேடுகிறேன் என்று சிலர் நினைத்திருப்பீர்கள். பின்பக்கச் சுவரில் அவருடைய இரண்டு ஏணிகள், ஒழுங்காக மாட்டியிருந்தன. வாரியில் ஒரு இலைகூட இல்லை. படுக்கையில் விழுவதற்கு முன் சுத்தம் செய்திருக்கிறார். சுற்றி முடித்துத்தான் அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடிந்தது.

பார்வதி அண்ணி அந்த டார்ச்லைட்டை எனக்குக் கொடுத்தார். வேலைப்பையில் இருக்கிறது. அதைவிட, கறையைக் கண்டதும் கையை ஓங்காமல் வெளியே ஒரு நடை போய்வரும் புத்தி கொஞ்சம் என்னிடம் தங்கியிருக்கிறது. முழுதாக இல்லை. என் மனைவியைக் கேட்டால், பாதிகூட இல்லை என்பாள்.

அன்று கைப்பேசியில் லோகா அழுது முடித்தாள். பெயிண்ட் டின்மேல் நான், அங்கே அவள். பிறகு சொன்னாள்: "ரெண்டு நாளா இங்க நல்ல மழை ப்பா. பெரியப்பாகிட்ட சொல்லணும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். சீலிங் காஞ்சுதான் இருக்கு."

வருகிற பள்ளி விடுமுறைக்கு மனைவியோடு கோசோவுக்குப் போகிறேன். எங்கள் பெயரில் போகவர டிக்கெட். லோகா பெயரில் எதுவும் எடுக்கவில்லை. அவள் அங்கே ஒருவரை எங்களுக்கு அறிமுகம் செய்யவேண்டும் என்கிறாள். யார், என்ன என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். முதலில் அந்தக் கோட்டையை வெளியே ஒரு சுற்று சுற்றிவிடுகிறேன். முட்டி என்ன முறையிட்டாலும் சரி.